உப்பு பழகிய கதை

"பி.காம். படிக்கிற உனக்கு எதுக்குடா கடல் பிராணி, ஜீன் எல்லாம்?" என்று பின் பெஞ்ச் நண்பர்கள் கேட்பது இப்போதே காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அதிலும் நான் எலவனாசூர்கோட்டைக்காரன். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற வழியில் இருக்கும் ஊர். சுற்றிலும் கரும்பு, மக்காச்சோளம், உளுந்து. கடல் பார்க்க வேண்டுமென்றால் உளுந்தூர்பேட்டை போய் பஸ் மாறி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போக வேண்டும். எங்கள் ஊரில் நண்டு என்றால் வயல் நண்டுதான்.

ஆனால் ஒரு விஷயம். தாத்தா காலத்தில் நாங்களும் கடற்கரை மாவட்டத்து ஆட்கள்தான். அப்போது தென்னார்க்காடு ஒரே மாவட்டம். பரங்கிப்பேட்டையும் எங்கள் மாவட்டம், மரக்காணமும் எங்கள் மாவட்டம். 1993ல் அதைப் பிரித்தபோது கடலூர் ஒரு பக்கம் போக, எங்களுக்கு விழுப்புரம் மாவட்டமும் மரக்காணம் பக்கத்துக் கடலும் மிஞ்சின. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். இருந்த கடலும் போச்சே என்று ஒருத்தர்கூட வருத்தப்படவில்லை. (எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். ஹி ஹி.)

மாவட்டத்தைப் பிரிக்கலாம், ஆற்றை என்ன செய்வது? கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. அதாவது எங்கள் மலையில் மழை பெய்ததா இல்லையா என்பது, பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் பாறையையும் கட்டையையும் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளிக்குத் தெரியும். ஆளி என்றால் சிப்பி வகை. சதையை எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒருமுறை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அங்கேதான். எழுந்து நடந்து போக முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாற்றில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் அதே இடத்தில் சுத்தமான கடல் தண்ணீர் நிற்கும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்போடு. தண்ணீர் இறங்குகிற நேரத்தில் வெயில் நேராக ஓட்டின் மேல் விழும். மீன் என்றால் நீந்தித் தப்பிக்கும், நண்டு என்றால் வளைக்குள் போகும். ஆளி மட்டும் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தை அந்த முகத்துவாரத்துக் கரையிலேயே வைத்திருப்பது சும்மா இல்லை. இத்தனை மாதிரித் தண்ணீரும் இத்தனை மாதிரி உயிரும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

சரி, ஆளி எப்படித் தாங்குகிறது? உப்பு குறைந்தால் ஓட்டை இறுக்க மூடிக்கொள்ளும். அது எல்லோருக்கும் தெரிந்தது. வெயிலுக்கு என்ன செய்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். 2012ல் சீன விஞ்ஞானிகள் தலைமையில் பசிபிக் ஆளியின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அது வெள்ளாற்று ஆளி இல்லை, அதன் உறவுக்கார இனம். வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 என்று ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. அதைத் தயாரிக்கிற மரபணுக்கள் மனிதனிடம் 17. அந்த ஆளியிடம் 88!

இந்தப் புரதத்தின் வேலை என்ன என்பதை எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரை வைத்துச் சொல்லலாம். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மடிப்பு உண்டு. அந்த மடிப்பு இருந்தால்தான் வேலை நடக்கும். சூடு ஏறினால் மடிப்பு கலைந்து, கசங்கின வேட்டி மாதிரி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அப்போது இந்த வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் வந்து, கலைந்ததைப் பிடித்து மறுபடி மடித்து வைக்கின்றன. ஆளி 88 இஸ்திரி வண்டிகளை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 88 எப்படி வந்தது? இங்கேதான் எல்லோரும் ஒரு வார்த்தையைப் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். "பழகிடுச்சு." பள்ளிக்கூடத்துப் பாடமாகட்டும், டிவியில் வருகிற மிருகப் படத்தின் தமிழ்க் குரலாகட்டும், இந்த உயிரினம் தன் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது என்று சொல்லி அடுத்த காட்சிக்குப் போய்விடும். எந்த ஆளியும் வெயிலில் உட்கார்ந்து யோசித்து, நமக்கு இன்னும் ரெண்டு ஜீன் இருந்தால் நல்லது என்று செய்துகொள்ளவில்லை.

எங்கள் முதலாமாண்டு கணக்குப் பதிவியலில் ஒரு பாடம் உண்டு. சில செலவு அந்த வருஷத்தோடு தீர்ந்துவிடும், அது ரெவின்யூ. சில செலவின் பயன் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் போகும், அது கேப்பிட்டல். இரண்டையும் குழப்பினால் லாபம் தப்பாக வரும், பரீட்சையில் முட்டை வரும். பழகுவதிலும் இந்த இரண்டு கணக்கு இருக்கிறது. வெயில் ஏறினதும் ஆளி அந்தப் புரதத்தை அதிகமாகத் தயாரிப்பது உடம்பு பழகுவது. அந்த ஆயுசோடு முடிந்துவிடும். தயாரிக்க 88 மரபணு இருப்பது பரம்பரைச் சொத்து. மரபணுவை நகலெடுக்கும்போது எப்போதோ தவறுதலாக ஒரு நகல் கூடுதலாக விழுந்தது. அது இருந்தவை சில கோடைகளைத் தாண்டின. இல்லாதவற்றில் பல செத்தன. இப்படி லட்சக்கணக்கான வருஷம்.

அதனால் இரண்டாவது கணக்கில் யாரும் பழகுவதே இல்லை. தாங்காதவை போய்ச் சேர்கின்றன. மிச்சம் இருப்பதைப் பார்த்து நாம் பழகிடுச்சு என்கிறோம்.

இது எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட மரக்காணத்தில் நன்றாகப் புரிந்தது. என் தாய்மாமா அங்கே ஒரு இறால் ஹேச்சரியில் வேலை செய்கிறார். மரக்காணம் பக்கம் கடற்கரையோரமாக ஹேச்சரிகள் நிறைய. இறால் குஞ்சு பொரித்து, பண்ணைக்காரர்களுக்கு விற்பார்கள். 2009ல் வனாமி இறாலுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு இந்தத் தொழில் எங்கேயோ போய்விட்டது. போன மே மாதம் லீவில் நாலு நாள் அவர் அறையில் தங்கியிருந்தேன். அவருக்கு ஷிப்டு. பகலில் எனக்கு வேலையில்லை. அதனால் உப்பளம் பக்கம் சுற்றினேன்.

மே மாதத்து உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேலே ஒரு வெயில், கீழே வெள்ளையிலிருந்து திரும்பி வருகிற இன்னொரு வெயில். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒவ்வொரு பாத்தியிலும் உப்பு ஏற ஏற நிறம் மாறுகிறது. கடைசிப் பாத்திகளில் லேசான ரோஸ் கலர். ஒரு அக்கா நீளமான மரப்பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். பேச்சுக்கொடுத்தேன்.

"கால் எரியலையாக்கா?"

"காலு பழகிடுச்சு தம்பி. கண்ணுதான் பழகல. சாயங்காலம் ஆனா பூச்சி பறக்கிற மாதிரி தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "எம் பொண்ணு லீவுல வந்து ஒத்தாசை பண்றேன்னு எறங்குனா. மொத நாளே காலு வெடிச்சிப்போச்சு. நீ வரவே வேணாம், போயிப் படின்னு தொரத்திட்டேன்."

பார்த்தீர்களா? பல வருஷம் உப்பில் நின்று அம்மாவின் பாதம் கற்றுக்கொண்டது எதுவும் மகளின் பாதத்துக்குப் போகவில்லை. மகள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். (தொடங்க வேண்டாம் என்று அந்த அக்கா முடிவு செய்துவிட்டார். ரொம்ப நல்ல முடிவு.) அவர் சொன்ன 'பழகிடுச்சு' முழுக்க ரெவின்யூ கணக்கு.

அதே பாத்தியில் இன்னொரு ஜீவன் இருக்கிறது. அதன் கணக்கு வேறு.

அந்த அக்கா அதைச் செவப்புப் பூச்சி என்றார். மாமா ஆர்ட்டிமியா என்றார். வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் அளவு. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். மல்லாக்கப் படுத்துக்கொண்டு இலை மாதிரிக் கால்களை அடித்துக்கொண்டே நீந்தும். லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிற தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். கடலைப் போல ஆறு மடங்கு! அந்த உப்பில் மீன் வராது, நண்டு வராது. தின்ன வருகிற எதிரி என்றால் பறவைதான். உடம்புக்குள் வருகிற உப்பைச் செவுள் போன்ற கால் பகுதி வழியாக ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. கப்பலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் இறைப்பார்களே, அந்த மாதிரி. உப்பு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அப்போது நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரி ஹீமோகுளோபினை அதிகம் செய்துகொள்ளும். சிவப்பு அதனால்தான்.

நிலைமை நன்றாக இருந்தால் ஆர்ட்டிமியா நேராகக் குஞ்சு போடும். மோசமானால் முட்டை போடும். உள்ளே கரு வளர்ச்சியை நிறுத்திவைத்து, மேலே கெட்டி ஓடு போட்ட முட்டை. காய்ந்து தூளாகிக் கிடக்கும், பல வருஷம். கடல் தண்ணீரில் போட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும்.

மாமா ஒரு காலி டின்னைக் காட்டினார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். உள்ளே இருந்தது இந்த முட்டைதான், பார்க்கக் காபித்தூள் மாதிரி இருக்குமாம். ஒரு கிராமில் 2 முதல் 3 லட்சம் குஞ்சு பொரியும். சும்மா ஒரு கணக்குப் போட்டேன், டின்னுக்குப் பத்துக் கோடி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாடு மொத்தமே 7 கோடியே 21 லட்சம் பேர்தான். ஒரு மாநிலத்துக்கு மேல் ஒரு டின்னுக்குள்! இறால் குஞ்சுக்கு முதல் சில நாட்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது என்பதால் உலகம் முழுக்க ஹேச்சரிகள் இதை வாங்குகின்றன. டின்னில் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. யூட்டாவில் இருக்கிற பெரிய உப்பு ஏரி, சான்பிரான்சிஸ்கோ வளைகுடா உப்பளங்கள், இப்படி. இனத்தின் பெயர் ஆர்ட்டிமியா ஃபிரான்சிஸ்கானா.

இந்த அமெரிக்க ஆர்ட்டிமியாவை வைத்து, யாரும் பெரிதாகத் திட்டமிடாமலே அருமையான ஒரு சோதனை நடந்திருக்கிறது, வியட்நாமில். 1980களில் சான்பிரான்சிஸ்கோ முட்டைகளைக் கொண்டுபோய் மேகாங் டெல்டாவின் வின் சாவ் பகுதி உப்பளங்களில் விட்டார்கள். நோக்கம் வியாபாரம். முட்டையை அறுவடை செய்து விற்றால் உப்பைவிட நல்ல காசு. சான்பிரான்சிஸ்கோ குளிர்ந்த ஊர், அங்கே கோடையிலேயே ஸ்வெட்டர் வேண்டும். வின் சாவ் நம்ம ஊர் மாதிரி வெயில். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும் பிராணி. மழைக்காலம் வந்தால் எல்லாம் மூழ்கிப்போகும். அடுத்த உப்புப் பருவத்துக்கு, போன பருவத்து வெயிலைத் தாண்டினவை போட்ட முட்டையிலிருந்து மறுபடி தொடக்கம்.

2000ல் ஜேம்ஸ் கிளெக் என்கிற அமெரிக்க விஞ்ஞானியும் வியட்நாம், பெல்ஜியம் ஆட்களும் சேர்ந்து வியட்நாம் முட்டையையும் சான்பிரான்சிஸ்கோ முட்டையையும் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். வியட்நாம் முட்டை அதிகச் சூடு தாங்கியது. நாம் ஆளியில் பார்த்த அதே வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 அதில் கூடுதலாக இருந்தது. 2004ல் வந்த இன்னொரு ஆய்வு, மரபணு அளவிலும் இனப்பெருக்க விஷயத்திலும் வியட்நாம் கூட்டம் தாய்க் கூட்டத்திலிருந்து விலகிவிட்டது என்றது. இடைவெளி எவ்வளவு? இருபது வருஷம்கூட ஆகவில்லை. பரிணாமம் என்றால் டைனோசர் காலத்து விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம் அப்பா அம்மா கல்யாணம் நடந்த காலத்தில் தொடங்கி நாம் பிறப்பதற்குள் முடிந்த விஷயம் இது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி? புதிதாக மரபணு மாற்றம் நடக்கும் வரை காத்திருந்தால் நடக்காது. மறுபடி கணக்குப் புத்தகம்தான், ஓபனிங் ஸ்டாக். கையில் என்ன சரக்கோடு கடையைத் திறக்கிறோம் என்பதுதான் விஷயம். கோடிக்கணக்கான முட்டையில் சூடு தாங்குகிற வகை கொஞ்சம் முதலிலேயே இருந்திருக்கும். சான்பிரான்சிஸ்கோவில் அதற்கு வேலை இல்லை, மூலையில் கிடந்தது. வின் சாவில் அதற்குத்தான் கிராக்கி.

இதற்கு ஸ்வீடனில் இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. கடலோரப் பாறையில் வாழும் ஒரு சின்ன நத்தை. நண்டு அதிகம் உள்ள கரையில் அது பெரிதாக, தடித்த ஓட்டோடு இருக்கும். அலை மோதுகிற பாறையில் சின்னதாக, மெல்லிய ஓட்டோடு, பாறையை நன்றாகப் பிடிக்கிற மாதிரி வாய் அகலமாக இருக்கும். 1988ல் நச்சுப் பாசி பெருகி, கோஸ்டர் தீவுகள் பக்கத்துச் சின்னப் பாறைத்தீவுகளில் இருந்த நத்தைகள் செத்துப்போயின. 1992ல் கெர்ஸ்டின் யோஹானெசன் என்கிற விஞ்ஞானி, காலியான ஒரு அலைப்பாறையில் வேண்டுமென்றே நண்டுக்கரை நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டு முப்பது வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். (நமக்கு செமஸ்டர் ரிசல்ட்டுக்கு மூன்று வாரம் காத்திருக்கவே பொறுமை இல்லை.) 2024ல் முடிவு வெளியானது. அந்த நத்தைகளின் வாரிசுகள் அலைப்பாறை நத்தை மாதிரியே ஆகிவிட்டன. அதற்கான சரக்கில் ஒரு பகுதி, கொண்டுவந்த நத்தைகளிடமே மறைந்து இருந்தது. இன்னொரு பகுதி பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்து கலந்தது.

இப்போது நம் ஊர் உப்பளத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

நம் கடற்கரை உப்பளங்களில் முதலிலேயே ஆர்ட்டிமியா இருந்தது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் இருந்தது எல்லாம் பெண் மட்டுமே. ஆண் கிடையாது. அம்மா தன்னுடைய நகலையே மகளாகப் பெற்றுக்கொள்ளும் இனம். நம் மழை, நம் வெயில், நம் உப்புக்கு எத்தனையோ காலமாகச் சலித்து எடுக்கப்பட்ட வரிசை. ஹேச்சரிகள் வந்தன, டின்கள் வந்தன. பொரித்தது போக மிச்சம் கழிவுத் தண்ணீரோடு போகும். சில இடங்களில் வளர்ப்பதற்கென்றே வெளியூர் இனத்தை விட்டார்கள். பூநாரை மாதிரிப் பறவைகள் தின்றாலும் சில முட்டைகள் வயிற்றில் சாகாமல் அடுத்த உப்பளத்தில் எச்சத்தோடு விழும். 2012ல் கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஹைட்ரோபயாலஜியா இதழில் எழுதினார்கள். இந்திய உப்பளங்களில் அமெரிக்க இனம் பரவி, உள்ளூர் ஆர்ட்டிமியாவை இடத்தைவிட்டே தள்ளிவிட்டது, காரணம் மீன் இறால் வளர்ப்புத் தொழில் என்று. ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ் உப்பளங்களிலும் இதே கதைதான்.

அமெரிக்க இனத்தில் ஆண் பெண் இரண்டும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டைக் கலைத்துப் போடுகிறது. அதோடு முட்டையும் ஏராளம். நம்முடையது அம்மாவின் கையில் இருந்த சீட்டையே மகளிடம் கொடுக்கிறது. கையில் இருப்பது நல்ல சீட்டுதான், இந்த ஊருக்கென்றே வந்த சீட்டு. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுச்சீட்டு போடுகிறான்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "மாப்ள, நல்லாப் பொரியுதா, குஞ்சு சாவாம சாப்பிடுதா, அவ்ளோதான் எங்களுக்கு. இந்த ஊரு முட்டைன்னு யாரு டின்னுல போட்டு விக்கிறா?" என்றார். அவர் சொல்வதிலும் தப்பு இல்லை. ஹேச்சரியின் கொள்முதல் கணக்கில் டின்னின் விலை இருக்கிறது, பொரிக்கும் சதவீதம் இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது. வேதாரண்யத்தில் ஒரு பெண் வரிசை அற்றுப்போனதை எந்தப் பக்கத்தில் பற்று வைப்பது? எகனாமிக்ஸில் இதற்குப் புறவிளைவு என்று பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மார்க் கேள்வி. தொழிற்சாலைப் புகையை உதாரணம் எழுதினால் போதும், முழு மார்க்.

"பூச்சி போனா இன்னொரு பூச்சி வந்துச்சு, உனக்கென்னடா" என்று கேட்கலாம். உப்பு அள்ளுகிறவர்களுக்கு இப்போதைக்கு நஷ்டம் இல்லை என்பதும் உண்மை. எந்த ஆர்ட்டிமியாவாக இருந்தாலும் பாத்தியில் இருக்கிற பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும், உப்பு வெள்ளையாக விளையும். என் கவலை ஸ்டாக்கைப் பற்றியது. கடல் சூடாகிறது, மழை நாள் தவறுகிறது. எந்தச் சரக்குக்கு எப்போது கிராக்கி வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில், இந்தக் கரையில் இத்தனை காலம் சலித்து வைத்த சரக்கைக் கடையிலிருந்து எடுத்துக் கொட்டுவதை நல்ல வியாபாரம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் படித்தேன். பெண் மட்டுமே உள்ள ஆர்ட்டிமியாவை வைத்து பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. 2014ல் வெளியானது. எல்லாம் நகல் என்பதால் மரபணு வித்தியாசம் என்ற பேச்சே இல்லை. ஒரு தலைமுறையை மட்டும் விட்டுவிட்டுச் சூட்டுக்கு ஆளாக்கினார்கள். அடுத்த மூன்று தலைமுறைகளைச் சாதாரண வெப்பத்திலேயே வளர்த்தார்கள். சூட்டையே பார்க்காத கொள்ளுப்பேத்தி வரை சூடு தாங்கும் சக்தி அதிகமாக இருந்தது! மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதன் மேல் வைக்கப்படுகிற ரசாயன அடையாளங்கள், புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுகிற மாதிரி, அவை மாறியிருந்தன. ஆக, உப்பளத்து அக்காவின் பாதம் மகளுக்குப் போகவில்லை, ஆனால் ஆர்ட்டிமியா அம்மா பட்ட சூடு கொள்ளுப்பேத்தி வரை போகிறது. என்னுடைய ரெவின்யூ, கேப்பிட்டல் பிரிவினையில் இது எங்கே உட்காரும் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கணக்கில் மூன்றாவதாக ஒன்று உண்டு, டெஃபர்டு ரெவின்யூ. சில வருஷத்துக்குப் பயன் தந்து மெதுவாகக் கரைந்துபோகும் செலவு. கிட்டத்தட்ட அதுதான்.

கிளம்புகிற நாள் காலையில் மாமாவை இழுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். ஒரு விஷயம் பார்க்க வேண்டியிருந்தது. ஆண் ஆர்ட்டிமியாவுக்கு முகத்தில் கொடுக்கு மாதிரிப் பெரிய பிடிப்பான் உண்டு. அதால் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டும் ஜோடியாகவே நீந்தும். பூதக்கண்ணாடிகூட வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். நம் கரையின் பழைய இனத்தில் ஜோடியே இருக்காது. அதனால் கண்ணாடி டம்ளரில் ஒரு மொண்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும், ஊர்க்காரியா வந்தவளா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஹேச்சரி டீ டம்ளர் ஒன்றைக் கழுவி எடுத்துப் போயிருந்தோம். வரப்பில் குந்தி உட்கார்ந்து, ரோஸ் தண்ணீருக்கு முந்தின பாத்தியில் மொண்டோம். வெயிலுக்கு நேரே பிடித்ததும் இருபது முப்பது சிவப்புக் கோடுகள் மல்லாக்க மிதந்து கால் அடித்துக்கொண்டிருந்தன. உப்பு இழுத்துக்கொண்டிருந்த அக்காவும் பலகையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி எண்றீங்க?"

"ஜோடியாப் போறது எத்தினின்னு பாக்குறோங்க்கா."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டம்ளருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். "அதோ ஒண்ணு. அங்க ஒண்ணு. இது மூணாவது." மாமா நாலு என்றார். நான் ஐந்து வரை எண்ணினேன்.